மெதுவாக வெளிவிடும் பூச்சிமருந்து: முதன்முறை பயன்படுத்துவோருக்கான வழிகாட்டி

சாதாரணத் தெளிப்பு மருந்து, தெளித்த அன்று முழு வீரியத்தோடு இருக்கும். பிறகு வெயில், மழை, பனி என்று ஒவ்வொன்றும் அதைக் குறைத்துக்கொண்டே போகும். மெதுவாக வெளிவிடும் மருந்தில் வீரியப் பொருள் ஒரு குருணைக்குள்ளோ, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுறைக்குள்ளோ, விதை மேல் பூசிய படலத்துக்குள்ளோ அடைபட்டிருக்கும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். ஒரு முறை போட்டால் பல வாரம் நிற்கும் என்று விற்பவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்தப் பல வாரம் எந்த வாரங்கள் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் மண்ணின் ஈரமும் பயிரின் வளர்ச்சியும்தான். மருந்து வெளிவரும் நாட்கள், பூச்சி அகப்படும் நாட்கள், அறுவடைக்கு மிச்சமிருக்கும் நாட்கள் ஆகிய மூன்றும் பொருந்தாவிட்டால் கூடுதல் விலை கொடுத்து வாங்கியும் பலன் இல்லை.

1. முதலில், இது உங்களுக்கு வேண்டுமா என்று பாருங்கள்

பூச்சி ஏற்கெனவே சேத நிலையைத் தாண்டிவிட்டது, புழு இலையைச் சல்லடையாக்கிக்கொண்டிருக்கிறது என்றால் குருணை மருந்தைத் தேடாதீர்கள். மண்ணில் போட்ட குருணை ஈரத்தில் கரைந்து, வேர் உறிஞ்சி, தண்டுக்கும் இலைக்கும் போய்ச் சேரச் சில நாள் ஆகும். அதற்குள் சேதம் முடிந்திருக்கும். அந்த நேரத்துக்கு வேண்டியது உடனே வேலை செய்யும் மருந்து.

மெதுவான மருந்துக்கு ஏற்ற பூச்சிகள் வேறு. நாற்றுப் பருவத்தில் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் அசுவினி, இலைப்பேன், தத்துப்பூச்சி. வாரக்கணக்கில் விட்டு விட்டு முட்டையிடும் தண்டுத்துளைப்பான். மண்ணுக்குள் வேரைக் கடிக்கும் வெள்ளைப் புழு. இவை எல்லாம் ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போவதில்லை. ஒரு தெளிப்பு ஒரு தலைமுறையைத்தான் பிடிக்கும், அடுத்தது முட்டையிலிருந்து வந்துவிடும்.

இரண்டு நாளுக்கு ஒரு முறை பறிக்கும் வெண்டை, வெள்ளரி, பீன்ஸ், கீரை போன்றவற்றில் காய்ப்பு தொடங்கிய பிறகு இந்த மருந்துகளுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. நீண்ட நாள் நிற்பது என்றால் காயிலும் நீண்ட நாள் நிற்கும்.

2. எந்த வடிவம் என்று முடிவு செய்யுங்கள்

மருந்தின் பெயருக்குப் பின்னால் வரும் இரண்டெழுத்துதான் வடிவத்தைச் சொல்கிறது. ஜி.ஆர். அல்லது ஜி என்றால் குருணை. சி.எஸ். என்றால் நீரில் மிதக்கும் நுண்ணுறைகள். எஃப்.எஸ். என்றால் விதை நேர்த்திக்கான குழம்பு. இசட்.சி. என்றால் நுண்ணுறையும் சாதாரண நீர்மக் கலவையும் ஒரே புட்டியில். வெறுமனே இ.சி. என்றிருந்தால் அது எண்ணெயில் கரைத்த பழைய வகை, மெதுவாக வெளிவிடுவது அல்ல.

குருணையில் மணல், களிமண், ஜிப்சம் போன்ற ஒரு கருவின் மேலோ உள்ளோ மருந்து ஏறியிருக்கும். ஈரம் பட்டால்தான் வேலை தொடங்கும். காய்ந்த மண்ணில் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருந்தால், மருந்து பூச்சி வரும் நாளில் வராமல் மழை வரும் நாளில் வெளிவரும். மணற்பாங்கான மண்ணில் கனமழை பெய்தால் வேருக்குக் கீழே போய்விடும். மக்கு அதிகமுள்ள மண்ணில் துகள்களோடு ஒட்டிக்கொண்டு வேருக்குக் கிடைப்பது குறையும். ஒரே மருந்து பக்கத்து வயலில் நன்றாகக் கேட்டு உங்கள் வயலில் கேட்காமல் போக இதுவே காரணமாக இருக்கலாம்.

நுண்ணுறை என்பது சில மைக்ரான் அளவுள்ள பாலிமர் உறைக்குள் மருந்து. தண்ணீர் உலர்ந்த பின் உறைச் சுவர் வழியே கசிந்து வரும். பூச்சி மேலே நடக்கும்போதோ கடிக்கும்போதோ உடைந்தும் வரும். இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. எல்லா சி.எஸ். மருந்தும் நீண்ட நாள் நிற்பதற்காகச் செய்தவை அல்ல. உறைச் சுவர் மெல்லியதாக இருந்தால் உலர்ந்த சிறிது நேரத்திலேயே மருந்து வெளியேறும். அந்த உறை பெரும்பாலும் தெளிப்பவரின் தோலைக் காப்பாற்றவே இருக்கிறது. பயிர்த் தெளிப்புக்கான லாம்ப்டா சைஹலோத்ரின் சி.எஸ். மருந்துகளில் இப்படி வேகமாக விடுபவை உண்டு. சுவர் தடிமன் லேபிளில் இருக்காது. மறு தெளிப்புக்கு எத்தனை நாள் இடைவெளி என்று போட்டிருக்கிறது, அதைப் பாருங்கள். ஏழு நாள் என்று இருந்தால் அது ஏழு நாள் மருந்துதான்.

விதை நேர்த்தியைக் கண்டிப்பாகப் பார்த்தால் இந்த வகையில் சேர்க்கக்கூடாது என்பார்கள். ஆனால் வயலில் அது மெதுவாக வெளிவிடும் மருந்து போலத்தான் வேலை செய்கிறது. இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் போன்றவை விதையைச் சுற்றிய மண்ணில் கரைந்து, முளைத்த வேர் வழியே ஏறி, முதல் சில வாரங்களுக்குச் சாறு உறிஞ்சும் பூச்சிகளைத் தடுக்கும். இளம்பயிரைக் காக்க மிகக் குறைந்த மருந்தில் நடக்கும் வழி இது. ஆனால் இந்த இரண்டையும் குளோதியானிடினையும் ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திறந்தவெளிப் பயன்பாட்டிலிருந்து நீக்கியது. உங்கள் நாட்டில், உங்கள் பயிருக்கு அனுமதி இருக்கிறதா என்று பாராமல் விதையில் கை வைக்காதீர்கள்.

இனக்கவர்ச்சிப் பொருளை வெளிவிடும் ரப்பர் குப்பிகளும் பிளாஸ்டிக் கயிறுகளும் இதே தத்துவம்தான். அவை கொல்வதில்லை, ஆண் அந்துப்பூச்சியை இழுக்கின்றன அல்லது குழப்புகின்றன. வெயில் ஏற ஏற வேகமாக ஆவியாகித் தீரும். கோடையில் அட்டவணைக்கு முன்பே மாற்ற வேண்டிவரும்.

3. லேபிளையும் ரசீதையும் கடையிலேயே சரிபாருங்கள்

வாங்கிய பிறகு படிப்பதில் பயனில்லை. கல்லாவில் நின்றபடியே இவற்றைப் பாருங்கள்: பதிவு எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், உங்கள் பயிரின் பெயர், உங்கள் பூச்சியின் பெயர், ஹெக்டேருக்கோ ஏக்கருக்கோ அளவு, அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாள். இந்தக் கடைசி எண்ணை அதே மருந்தின் வேறு வடிவத்திலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். இ.சி. வடிவத்துக்கு ஏழு நாள் என்பது குருணைக்குப் பல வாரமாக இருக்கக்கூடும்.

அடுத்து, செயல்முறைக் குழு எண், அதாவது மருந்து பூச்சியை எந்த வழியில் தாக்குகிறது என்பதைக் காட்டும் எண். பல லேபிள்களில் ஒரு கட்டத்துக்குள் 3ஏ, 4ஏ, 28 என்பது போல அச்சிட்டிருக்கும். 3ஏ பைரெத்ராய்டுகள், 4ஏ நியோநிகோட்டினாய்டுகள், 2பி ஃபிப்ரோனில், 14 கார்டாப், 28 குளோரான்ட்ரானிலிப்ரோல் போன்ற டையமைடுகள். இந்த எண்ணைக் குறித்துவையுங்கள், 5-ஆம் படியில் தேவைப்படும்.

சி.எஸ். புட்டியைக் கையில் எடுத்துக் குலுக்குங்கள். அடியில் படிந்திருப்பது இயல்பு. குலுக்கினால் பால் போலக் கலந்துவிட வேண்டும். கட்டியாக நின்றால், மேலே எண்ணெய்ப் படலம் தெரிந்தால், உறைகள் உடைந்திருக்கலாம். உறைபனியிலோ கடும் வெயிலிலோ கிடந்த புட்டிக்கு இது நேரும். உள்ளே மருந்து அப்படியேதான் இருக்கும், ஆனால் மெதுவாக வெளிவிடும் தன்மை போய்விட்டிருக்கும். குருணைப் பையில் கட்டி தட்டியிருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது. திருப்பிக் கொடுங்கள்.

ரசீதில் மருந்தின் முழுப் பெயர், சதவீதம், தொகுதி எண் மூன்றும் எழுதச் சொல்லுங்கள். மருந்து கேட்கவில்லை என்று புகார் கொடுக்கவோ, விளைபொருளை வாங்குபவர் எஞ்சிய நஞ்சு பற்றிக் கேட்டால் காட்டவோ இது ஒன்றுதான் கையில் இருக்கும். ஏற்றுமதிக்குப் போகும் பயிர் என்றால் இன்னொரு வேலை உண்டு: வாங்கும் நாட்டின் எச்ச வரம்பைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மருந்தைத் தேர்ந்தெடுங்கள். உள்ளூரில் அனுமதி உள்ள மருந்துக்கு அங்கே வரம்பு ஏறக்குறைய பூஜ்ஜியமாக இருக்கலாம்.

கார்போபியூரான் குருணையை யாராவது மலிவாகத் தந்தால் கவனம். தரையில் கிடந்த குருணையைத் தானியம் என்று கொத்திய பறவைகள் செத்ததால் பல நாடுகள் அதைத் தடை செய்தன. சர்வதேச வணிகத்தில் இறக்குமதி செய்யும் நாட்டின் முன் ஒப்புதல் வேண்டிய பொருட்களுக்கான ரோட்டர்டாம் உடன்படிக்கையின் பட்டியலிலும் 2017-இல் சேர்ந்துவிட்டது.

4. செலவை புட்டி விலையில் பார்க்காதீர்கள்

ஒப்பிட வேண்டியது ஒரு நாள் பாதுகாப்புக்கு ஆகும் செலவு. மருந்து விலையோடு போடும் கூலியையும் கூட்டி, உண்மையில் பாதுகாப்புக் கிடைக்கும் நாட்களால் வகுக்க வேண்டும்.

சாதாரண மருந்து ஹெக்டேருக்கு 100, கூலி 60, ஏழு நாள் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 160-ஐ 7-ஆல் வகுத்தால் நாளுக்குச் சுமார் 23. நுண்ணுறை மருந்து 180, கூலி அதே 60, பதினான்கு நாள் நின்றால் 240-ஐ 14-ஆல் வகுத்து நாளுக்குச் சுமார் 17. லாபம். ஆனால் அந்தப் பதினான்கு நாள் உங்கள் பயிரில் ஒன்பது நாளாகச் சுருங்கினால் நாளுக்கு 27 ஆகிவிடும்.

ஏன் சுருங்கும்? நுண்ணுறை தெளித்த இலையில்தான் இருக்கும், புதிதாக விரியும் இலைக்கு நகராது. வேகமாக வளரும் பருவத்தில் ஒரு வாரத்தில் மேலே இரண்டு மூன்று புதிய இலைகள் வந்துவிடும். பூச்சிக்கும் பிடித்தது அந்த இளசுதான். கீழ் இலையில் மருந்து உயிரோடு இருக்க, மேலே பூச்சி நிம்மதியாக மேயும். அதனால் தொடு நஞ்சான நுண்ணுறை மருந்துகளுக்கு வளர்ச்சி நின்ற பருவமே சரியான காலம். விறுவிறுவென வளரும் பருவத்துக்கு வேர் வழி ஏறும் குருணையோ விதை நேர்த்தியோ பொருந்தும்.

5. நாளைக் குறியுங்கள்

பின்னாலிருந்து எண்ணத் தொடங்குங்கள். அறுவடை நாளைக் குறித்து, லேபிளில் உள்ள காத்திருப்பு நாளைக் கழியுங்கள். பயிர் முன்கூட்டி முதிர்ந்தால் சமாளிக்க ஒரு வாரம் இன்னும் கழியுங்கள். அதுவே கடைசி நாள். அதைத் தாண்டிவிட்டால் இந்த வகை மருந்து இந்தப் பருவத்துக்கு முடிந்தது.

பிறகு முன்னாலிருந்து எண்ணுங்கள். விளக்குப் பொறியிலோ இனக்கவர்ச்சிப் பொறியிலோ தாய் அந்துப்பூச்சி ஏறத் தொடங்கும் நாள்தான் குருணை போடும் நாள். தண்டுத்துளைப்பானில் முட்டை பொரித்த புழு தண்டுக்குள் நுழைய அதிக நாள் எடுப்பதில்லை. குருத்து காய்ந்து இழுத்தால் கையோடு வரும் நிலை வந்த பிறகு போடுவது அந்தத் தூரைக் காப்பாற்றாது, அடுத்த தலைமுறைக்குத்தான் உதவும்.

வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். சூடு கூடினால் வெளிவரும் வேகம் கூடும், முன்கூட்டியே தீரும். குளிரில் வேகம் குறைந்து, கொல்லும் அளவை எட்டாமலே கசிந்துகொண்டிருக்கும்.

இந்தக் கடைசிக் கசிவுதான் ஆபத்து. மருந்து தீரும் நாட்களில் பூச்சிக்குக் கிடைப்பது கொல்லாத அளவு. அதில் தாக்குப்பிடிப்பவை பிழைத்துப் பெருகுகின்றன. விதை நேர்த்தியில் 4ஏ, இருபதாம் நாள் தெளிப்பிலும் 4ஏ, நாற்பதாம் நாளும் 4ஏ என்று போனால் எதிர்ப்புத்திறனை நீங்களே வளர்க்கிறீர்கள். அடுத்த தலைமுறைப் பூச்சிக்கு வேறு எண் போட்ட மருந்தை எடுங்கள். வணிகப் பெயர் மாறினால் போதாது, எண் மாற வேண்டும்.

பூக்கும் பயிரில் நுண்ணுறை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பகலில் தேனீ இல்லாத நேரம் பார்த்துத் தெளித்தால் சாதாரண மருந்தின் அபாயம் ஓரளவு குறையும். நுண்ணுறை அப்படியல்ல, அளவில் மகரந்தத் துகளை ஒத்த உறைகளைத் தேனீ காலில் ஒட்டிக் கூட்டுக்கே எடுத்துப்போகும். மீத்தைல் பாரத்தியான் நுண்ணுறைகள் இப்படித்தான் மகரந்தத்தோடு கூட்டில் சேர்ந்து, பின்னால் குஞ்சுகளையும் கொன்றன. வயலோரம் பூத்திருக்கும் களையும் இதில் சேரும்.

6. அளவைக் கணக்கிட்டு, கருவியைச் சரிபாருங்கள்

அதிகம் தவறுவது இங்கேதான். பழைய இ.சி. மருந்துக்கு டேங்குக்கு எத்தனை மில்லி என்ற பழக்கத்தில் சி.எஸ். மருந்தையும் ஊற்றிவிடுவார்கள். ஹெக்டேருக்கு 15 கிராம் வீரியப் பொருள் வேண்டும் என்றால், லிட்டருக்கு 50 கிராம் உள்ள இ.சி.யில் 300 மில்லி. லிட்டருக்கு 100 கிராம் உள்ள சி.எஸ்.ஸில் 150 மில்லி. பழக்கத்தில் ஊற்றினால் இரு மடங்கு.

டேங்குக்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்க, வெறும் தண்ணீரை நிரப்பி, 10 மீட்டருக்கு 10 மீட்டர் அளந்த இடத்தில் வழக்கமான நடையில் தெளியுங்கள். 4.5 லிட்டர் செலவானால் ஹெக்டேருக்கு 450 லிட்டர். 16 லிட்டர் டேங்க் என்றால் சுமார் 28 டேங்க். 150 மில்லியை 28-ஆல் வகுத்தால் டேங்குக்குச் சுமார் 5.4 மில்லி. மூடியால் அளக்கக்கூடிய அளவல்ல இது. ஊசிக்குழல் வைத்து அளங்கள்.

குருணைக்கு நினைவில் வைக்க எளிய கணக்கு: ஹெக்டேருக்கு 10 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 1 கிராம். 0.4 சதவீதக் குருணையில் 10 கிலோ போட்டால் வீரியப் பொருள் 40 கிராம் மட்டுமே. இவ்வளவு சொற்பத்தைச் சீராகப் பரப்புவதுதான் சிரமம். தூவும் கருவி இருந்தால், வாயில் ஒரு பையைக் கட்டி 50 மீட்டர் நடந்து விழுந்ததை எடை போடுங்கள். தூவும் அகலம் 4 மீட்டர், அளவு ஹெக்டேருக்கு 25 கிலோ என்றால் பையில் 500 கிராம் இருக்க வேண்டும். கூடினாலோ குறைந்தாலோ திறப்பை மாற்றி மறுபடி நடங்கள்.

கையால் தூவுவதானால் கையுறையோடு, காய்ந்த மணலில் கலந்து, வயலை சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக நிறுத்து வையுங்கள். லேபிள் மணல் கலக்க அனுமதித்தால் மட்டும். ஈர மணலில் கலந்தால் கையிலேயே மருந்து கரையத் தொடங்கும். யூரியாவோடு கலந்து போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. யூரியா ஈரத்தை இழுத்துக் கட்டியாகி ஒரே இடத்தில் கொட்டும். இரண்டையும் தனித்தனியே போடுங்கள்.

மக்காச்சோளக் குருத்தில் இட அனுமதி உள்ள குருணை என்றால் செடிக் கணக்கு போடுங்கள். 10 கிலோ, ஹெக்டேரில் 60,000 செடி என்றால் ஒரு செடிக்கு 0.17 கிராமுக்குள்தான். ஒரு சிட்டிகை அதைவிட எளிதாகக் கூடிவிடும், அதனால் முதல் பத்துச் சிட்டிகையை ஒன்றாக நிறுத்துப் பாருங்கள்.

7. கலப்பதும் போடுவதும்

டேங்கில் பாதி தண்ணீர் முதலில். புட்டியை நன்றாகக் குலுக்கி, அளந்து ஊற்றி, கலக்கிவிட்டு மீதித் தண்ணீர். வேறு மருந்தோடு சேர்ப்பதாக இருந்தால், தூள் அல்லது நீரில் சிதறும் குருணை முதலில், பிறகு சி.எஸ்., கடைசியில் இ.சி. ஆனால் சி.எஸ்.ஸோடு இ.சி.யையோ எண்ணெய் சார்ந்த ஒட்டுப்பசையையோ சேர்க்காமலிருப்பதே நல்லது. அவற்றில் உள்ள கரைப்பான் உறைச் சுவரைத் தளர்த்தி மருந்தை முன்பே வெளியேற்றிவிடும். சேர்த்தே ஆக வேண்டுமென்றால், லேபிள் தடுக்காத பட்சத்தில், கண்ணாடிக் குடுவையில் அதே விகிதத்தில் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். திரிந்தால், எண்ணெய் மிதந்தால் கைவிடுங்கள். குடுவையில் நன்றாக இருந்தாலும் உறை கெடவில்லை என்பதற்கு அது சான்றாகாது.

கலந்த கரைசலை அன்றே தீர்த்துவிடுங்கள். இரவு வைத்திருந்தால் உறைகள் அடியில் படியும், மருந்து தண்ணீரிலேயே கசியத் தொடங்கும்.

நெல் வயலில் குருணை போடும்போது லேபிளில் சொன்ன ஆழத்துக்கு மெல்லிய நீர் நிற்க வேண்டும். மடையை அடைத்து, அதில் சொன்ன நாட்கள்வரை வடிக்கக்கூடாது. வடித்தால் மருந்தும் போகும், கீழே உள்ள குளத்தில் மீனும் நண்டும் சாகும். ஃபிப்ரோனில் இறாலுக்கும் நண்டுக்கும் மிகக் கொடியது. மேட்டுப்பயிரில் குருணையை மண்ணால் மூடி உடனே பாசனம் கொடுங்கள். மேலே சிந்தியதைப் பறவைக்கு விட்டுவைக்காதீர்கள்.

மருந்திட்ட விதையை விதைக்கும்போது தூசியைக் கவனியுங்கள். 2008-இல் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில் குளோதியானிடின் சரியாக ஒட்டாத மக்காச்சோள விதையைக் காற்றழுத்த விதைப்புக் கருவியில் போட்டபோது, பறந்த தூசி தேனீக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. கையில் தேய்த்தால் பொடி உதிரும் விதையை விதைக்காதீர்கள். மிஞ்சிய மருந்து விதை உணவுக்கோ கால்நடைத் தீவனத்துக்கோ ஒருபோதும் போகக்கூடாது.

நுண்ணுறை தோலுக்குப் பாதுகாப்பு என்று கையுறையை விட்டுவிடுவோர் உண்டு. உலர்ந்த இலையில் உரசினால் உறைகள் துணியில் ஒட்டி, பிறகு மெதுவாக உடலில் இறங்கும். லேபிளில் சொன்ன நேரம்வரை யாரும் வயலுக்குள் போகக்கூடாது. நஞ்சேறிய அறிகுறியும் தாமதமாகத் தெரியலாம், அதனால் சந்தேகம் வந்தால் லேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

8. கேட்கிறதா என்று பாருங்கள்

போடுவதற்கு முன் ஒரு எண்ணிக்கை எடுங்கள்: வயலில் ஐந்து இடம், இடத்துக்கு நான்கு செடி. பிறகு 3, 7, 14, 21-ஆம் நாட்களில் அதே போல. வயலின் ஓரத்தில் ஒரு சிறு பட்டையை மருந்து போடாமல் விடுங்கள். அது இல்லாமல் பூச்சி குறைந்தது மருந்தாலா, தானாகவா என்று சொல்ல முடியாது.

இரண்டாம் நாள் பார்த்துவிட்டு மருந்து சரியில்லை என்று இன்னொன்றை மேலே தெளிப்பது வழக்கமான அவசரம். குருணைக்கு அது மிக முன்கூட்டிய தீர்ப்பு. ஏழாம் நாளும் குறையவில்லை என்றால் முதலில் மண் ஈரத்தைப் பாருங்கள். காய்ந்திருந்தால் பாசனம்தான் மருந்து. வயலில் திட்டுத் திட்டாகக் கேட்டிருந்தால் தூவல் சீரில்லை. கீழ் இலை சுத்தமாக இருந்து குருத்தில் மட்டும் பூச்சி என்றால் பயிர் மருந்தைத் தாண்டி வளர்ந்துவிட்டது. எல்லா இடமும் ஒரே சீராகக் கேட்கவில்லை, அளவும் சரி, ஈரமும் சரி என்றால் மட்டும் எதிர்ப்புத்திறனையோ போலி மருந்தையோ சந்தேகியுங்கள். அப்போதுதான் ரசீதும் தொகுதி எண்ணும் வெளியே வர வேண்டும்.

9. கழுவுவதும் எழுதிவைப்பதும்

சி.எஸ். தெளித்த டேங்கை உலரவிடாதீர்கள். உலர்ந்தால் உறைகள் சுவரிலும் குழாயிலும் ஒட்டிக்கொள்ளும், வெறும் தண்ணீருக்கு வராது. அடுத்த முறை இ.சி. ஊற்றும்போது அதன் கரைப்பான் அவற்றைப் பெயர்த்து, நீங்கள் போடாத மருந்தை வேறொரு பயிரில் கொண்டுபோய்ச் சேர்க்கும். தெளித்த கையோடு மூன்று முறை அலசி, வடிகட்டியையும் நாசிலையும் கழற்றிக் கழுவி, அலசிய நீரை அதே வயலில் தெளித்துவிடுங்கள். காலிப் புட்டியையும் மூன்று முறை அலசி அந்த நீரை டேங்கிலேயே ஊற்றி, புட்டியைத் துளையிட்டு, சேகரிப்பு மையம் இருந்தால் அங்கே கொடுங்கள். எரிக்கவோ தண்ணீர் பிடிக்கவோ கூடாது.

நோட்டில் எழுத வேண்டியவை: வயல், பயிரின் வயது, மருந்தின் பெயரும் சதவீதமும், குழு எண், தொகுதி எண், போட்ட நாள், மண் ஈரம், மொத்தம் செலவான மருந்து, எண்ணிக்கைகள், அறுவடை செய்யலாம் என்ற முதல் நாள். இந்தக் கடைசி நாளை மட்டும் பெரிதாக எழுதி, அறுவடைக்கு ஆள் சொல்லும் வீட்டாருக்கும் காட்டிவையுங்கள்.